கார்ல் ஷூர்ஸ்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை நடத்திப் பின்னர் அரசியலில் புகுந்தோர் பலர். கிராண்ட், ஹேய்ஸ், கார்ஃபீல்டு முதலியோர் ஜனாதிபதி பதவியையே எய்தினர். அப்பதவிக்குப் போட்டியிடவும் சட்டம் இடந்தராத ஒருவரைப் பற்றி இங்குக் கூற விரும்புகிறேன். அவர் அந்நாட்டிற் பிறந்தவர் அல்லர்.

கார்ல் ஷூர்ஸ் 1829ஆம் ஆண்டில், ஜெர்மனியில் கொலோன் நகரையடுத்த லிப்லாரில் பிறந்தார். பான் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது, 1848இல் மூண்ட மக்கள் கிளர்ச்சியில் கலந்துகொண்டார். மறு ஆண்டு ராஸ்டாட் கோட்டை பிரஷ்யப் படையிடம் வீழ்ந்ததும், கழிவுநீர்க் கால்வாய் வழியே தப்பி ரைன் நதியைக் கடந்தார். தாம் பிழைத்ததோடு அமையாமல் மீண்டும் மறைவாகத் திரும்பி, 1850இல் ஸ்பாண்டோ சிறையிலிருந்து தம் ஆசிரியர் கிங்கெலைக் கயிற்றின் வழியே இறக்கி மீட்டார். அப்போது அவருக்கு வயது 21.

1852இல் மனைவியுடன் அமெரிக்கா சேர்ந்தபோது அவருக்கு ஆங்கிலம் வராது. இலக்கண நூலைத் தொடாமல், பிலடெல்பியா நாளிதழொன்றை விளம்பரங்கள் உட்படப் படித்தே கற்றார். ஆங்கில நூலொன்றை ஜெர்மனில் பெயர்த்து, அதனைத் திரும்பவும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவாராம். பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறிய எவருக்கும் இம்முறை பயன்படும். அவர் மனைவி மார்கரெத்தே 1856இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் நடத்திய மழலைப் பள்ளியே அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் என்பர். அங்கு வழங்கிய மொழி ஜெர்மன்.

1860இல் லிங்கனுக்காக ஜெர்மானியரிடையே ஊர் ஊராகப் பேசினார். ஸ்பெயினில் சிறிதுகாலம் தூதராயிருந்து, 1862இல் படையிற் சேர்ந்தார். 1863 மே மாதம் சான்ஸலர்ஸ்வில் போரில், சேனையின் வலப்பக்கம் காவலின்றிக் கிடப்பதை மேலதிகாரிக்கு எடுத்துரைத்தார், பயனில்லை. அன்று மாலை அப்பக்கமே பகைவர் பாய்ந்தனர். தோல்விக்குப்பின் பத்திரிகைகள் ஜெர்மானியர் கோழைகள் என்று தூற்றின. அப்படையில் வேறு இனத்தாரும் பெருந்தொகையினர் இருந்ததை யாரும் எண்ணவில்லை. தம் அறிக்கையை வெளியிடவும், விசாரணை நடத்தவும் வேண்டினார், இரண்டும் கிட்டவில்லை.

போர் முடிந்த 1865இல், ஜனாதிபதி ஜான்சன் அவரைத் தென்மாநிலங்களின் நிலையைக் கண்டறிய அனுப்பினார். விடுதலை பெற்ற கறுப்பர்கள் அடியுண்பதையும் கொலையுண்பதையும், அடிமை முறை வேறு பெயரில் திரும்ப முயல்வதையும் ஷூர்ஸ் விரிவாக எழுதி, அவர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றார். ஜான்சனுக்கு அது கசந்தது. செனட் சபை கேட்டு வாங்கியபின்னரே வெளிவந்தது.

அத்தகையவர், 1869இல் மிசௌரியின் செனட்டரானபின், மாறினார். 1871இல் கு குளுக்ஸ் கிளான் கொடுமையை அடக்க வந்த சட்டத்தை, மத்திய அரசின் அதிகாரம் வரம்பு மீறுகிறது என்று எதிர்த்தார். தோற்ற வெள்ளையருக்கு முழு மன்னிப்புக் கோரினார். ஊழலை வெறுத்தது உண்மை. சமரசத்தை நாடியதும் உண்மை. ஆயினும் அச்சமரசத்தின் விலையைக் கொடுத்தவர்கள், அவர் முன்பு யாருக்காக எழுதினாரோ அவர்களே. 1877இல் ஹேய்ஸ் தெற்கின் ஆட்சி மாளிகைகளைக் காத்துநின்ற படைகளை விலக்கியபோது, அவர் அமைச்சரவையில் ஷூர்ஸ் உள்துறையை வகித்தார். தகுதித் தேர்வால் அலுவலரை நியமிக்கும் முறையை அத்துறையில் அவர் புகுத்தியது தனிச் சிறப்பு.

1906இல் நியூயார்க்கில் காலமானார். தம் வரலாற்றின் முற்பகுதியை ஜெர்மனிலும் பிற்பகுதியை ஆங்கிலத்திலும் எழுதிவந்தார். செனட்டில் நுழைந்த காலத்தோடு அந்நூல் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது.