ஜாவா ஃப்ரீதானே... பிறகு எதற்கு லட்சக்கணக்கில் லைசென்ஸ் கட்டணம்?

ஜிஎஸ்டி சாலையில் பல்லாவரம் தாண்டினால் குரோம்பேட்டை, தாம்பரம், கூடுவாஞ்சேரி என வழிநெடுக ஐடி வேலைதான். மெப்ஸ் வளாகத்தில் பெரிய நிறுவனங்கள் இருக்கும் அதே பகுதியில், மாடி வீட்டில் பத்துப் பதினைந்து பேருடன் இயங்கும் சின்ன கம்பெனிகளும் உண்டு. மென்பொருள் கருவிகளின் லைசென்ஸ் கட்டணம் ஏறும்போது முதலில் திணறுவது இவர்கள்தான். என்ன நடக்கிறது? மாற்று வழி இருக்கிறதா?

ஜாவாவில் என்ன மாறியது?

ஜாவா மொழி இன்றும் இலவசம்தான். கட்டணம், ஆரக்கிள் நிறுவனம் வழங்கும் சில பதிப்புகளுக்கும் அவற்றுக்கான அப்டேட்டுகளுக்கும். ஜாவா 8 பதிப்புக்கு வணிகப் பயன்பாட்டில் இலவச அப்டேட் 2019 ஜனவரியோடு நின்றது. ஜாவா 17-க்கு 2024 செப்டம்பரில் நின்றது.

2023 ஜனவரியில் கணக்கிடும் முறையே மாறியது. ஜாவாவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது இப்போது கணக்கில்லை. கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. கணக்குப் பிரிவில் இருப்பவரும், பகுதிநேர ஊழியரும் எண்ணிக்கையில் சேர்வார்கள். 1,000 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட விலை, ஒருவருக்கு மாதம் 15 டாலர்.

உதாரணமாக, 40 பேர் உள்ள கம்பெனியில் 3 பேர் மட்டுமே ஜாவாவில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 40 பேருக்கும். மாதம் 600 டாலர், வருடம் 7,200 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் 6,48,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி தனி.

மற்ற கருவிகள்?

டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்ட் வரை எல்லோருக்கும் இலவசம். இப்போது 250 பேருக்குக் குறைவாகவும், ஆண்டு வருவாய் 1 கோடி டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இலவசம். 2024 நவம்பரில் அதன் டீம் திட்டம், ஆண்டு சந்தாவில் ஒருவருக்கு மாதம் 9 டாலரில் இருந்து 15 டாலர் ஆனது.

விலை ஏறாவிட்டாலும் நமக்கு ஏறும். 2014-ல் 60 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. அதே 15 டாலர், 900 ரூபாயில் இருந்து 1,350 ரூபாய் ஆகிவிட்டது.

"கிராக்" போட்டால் என்ன?

சட்டப்படி குற்றம். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957 காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது.

எதிர்த்தால் மாறுமா?

மாறியிருக்கிறது. 2015 செப்டம்பரில் ஜெட்பிரெயின்ஸ், இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. டெவலப்பர்கள் கொதித்தார்கள். ஓராண்டு சந்தா கட்டியவர், அதன் பிறகு கட்டாவிட்டாலும் குறிப்பிட்ட பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று அதே மாதம் இறங்கி வந்தது. கேம் உருவாக்க உதவும் யூனிட்டி, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் சொன்னது. கடும் எதிர்ப்பால் ஓராண்டில் அதை ரத்து செய்தது. ஆனாலும் ப்ரோ சந்தாவை 8% உயர்த்தியது.

குரோம்பேட்டையில் கிடைத்த பதில்

இந்தக் கேள்வி நம்ம ஊருக்குப் புதிதல்ல. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக்கும் சேர்ந்து, மத்திய அரசின் ஆதரவுடன் 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. 'பாஸ்' லினக்ஸ் இயங்குதளம் இந்த முயற்சியில்தான் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டற்ற மென்பொருள் விருப்பப் பாடமாகவும் ஆனது.

சின்ன கம்பெனிகள் செய்ய வேண்டியது

* எந்த கம்ப்யூட்டரில் யாருடைய ஜாவா இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுக்கவும். தெரியாமல் கிடக்கும் ஒரு பழைய இன்ஸ்டால்கூட பின்னால் பெரிய பில்லாக வரலாம்.
* ஓபன்ஜேடிகே அடிப்படையிலான டெமுரின், அமேசான் கொரெட்டோ இரண்டும் இலவசம். பெரும்பாலான புரோகிராம்கள் மாற்றமின்றி ஓடும். சோதித்த பிறகே மாறவும்.
* டாக்கர் டெஸ்க்டாப்புக்கு மாற்றாக பாட்மேன் உள்ளது.
* வெப்ஸ்டார்ம், ரைடர் ஆகியவை 2024 அக்டோபர் முதல் இலவசம். ஆனால் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே. மாணவர்கள் பயன்படுத்தலாம், கிளையன்ட் வேலைக்குக் கூடாது.
* "ஃப்ரீ" என்று போட்டிருந்தாலும் யாருக்கு, எத்தனை பேர் வரை, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் இன்ஸ்டால் செய்யும் முன்பே படித்துவிடவும்.