டென்மார்க் மிஷன் மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஏன் வந்தது? பின்னணியில் ஒரு சாதித் தகராறு

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். கடற்கரையும் இல்லை, கோட்டையும் இல்லை. இந்த ஊருக்கு டென்மார்க் மிஷனரிகள் எதுக்கு வந்தாங்க? விடை தரங்கம்பாடியில் இருக்கிறது.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். டென்மார்க் மன்னரின் ஆதரவோடு மிஷன் வளர்ந்தது. ஆனால் மதம் மாறியவர்களிடம் சாதி மாறவில்லை. தேவாலயத்துக்குள்ளேயே தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட, மிஷன் பணி ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் கைக்குப் போனது.

அங்கேதான் தகராறு வெடித்தது. சாதி ஒரு சமூக வழக்கம், மெதுவாகத்தான் மாறும் என்றார் லைப்சிக் இயக்குநர் கார்ல் கிரவுல். அவருடைய மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் இதை ஏற்கவில்லை. சபைக்குள் சாதிக்கு இடமே கூடாது என்பது அவர் கட்சி. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதா என்பதுதான் அன்றைக்குப் பெரிய கேள்வி. (இன்றைக்கு மட்டும் என்ன வாழுது என்று கேட்பீர்கள்!)

மிஷனை விட்டு வெளியேறிய ஓக்ஸ், 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் 'பெத்தானியா' நிலையத்தை அமைத்தார். அவருக்குக் கைகொடுத்தது டேனிஷ் மிஷனரி சங்கம். ஊரை விற்றுவிட்டுப் போன நாடு, இருபது வருஷத்துக்குள் பீரங்கி இல்லாமல் திரும்பி வந்தது.

அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். அதனால்தான் இங்கிருந்து வளர்ந்த சபைக்கு ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்று பெயர். திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியும் இந்த வழியில் வந்ததுதான். தரங்கம்பாடி வழியில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை வேறு, இது வேறு.