கோவிவன் முதல் மைக்ரோசிப் வரை

சென்ற மாதம் சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி வளர்க்கும் நாய்க்கு மைக்ரோசிப் போட வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கி, ஊசியால் அரிசி அளவு ஒரு பொருளை உள்ளே செலுத்தினார். கருவியைக் காட்டியதும் 15 இலக்க எண் ஒன்று திரையில் வந்தது. அவ்வளவுதான் வேலை. எனக்கோ நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய நினைவு வந்துவிட்டது.

நாய்க்கு அடையாளம் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்குள்ள நடுகல் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. தமிழக அரசின் தொல்லியல் துறை 1972-ல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல் இந்த வட்டாரத்துக் கற்களைத் தொகுத்துத் தந்தது.

ஆடு மாடுகளுக்குக் காதில் வெட்டு, சூடு என்று அடையாளம் இருந்தது. இப்போது நம் ஊர் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. நாய்க்கு நகராட்சிகள் கொடுத்தது கழுத்துப்பட்டை வில்லை. அதில்தான் நான் ஏமாந்தேன்.

1979-ல் அரூரை விட்டு வேறு ஊரில் வேலை. கருப்பன் என்று ஒரு நாய் வளர்த்தேன். உரிமம் கட்டி, பித்தளை வில்லையும் வாங்கி மாட்டியிருந்தேன். ஐப்பசி மழையில் ஊறிய தோல்பட்டை ஓரிரவில் அறுந்து வாசலில் கிடந்தது. கருப்பனைக் காணோம். காலையில் நாய் பிடிக்கிற வண்டி வந்து போனதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். "இது அந்த நாயோடதுன்னு என்னங்க சாட்சி?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது, காலையிலேயே முடித்துவிட்டார்கள் என்று. அந்த வில்லை இன்னமும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பட்டை அறுந்துபோகும், தோலுக்குள் இருக்கும் சிப் அறுந்து விழாது. இதற்கு பேட்டரி கிடையாது. கருவி அருகில் வந்தால் மட்டும் தன் எண்ணைச் சொல்லும். 1996-ல் உலகத் தர நிர்ணய அமைப்பு இதற்கான தரத்தை வகுத்தது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்கு இது கட்டாயம். சென்னை மாநகராட்சியும் 2025-ல் வீட்டு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட விவரத்தையும் அந்த எண்ணோடு சேர்த்துப் பதியலாம். நாய் யாரையாவது கடித்துவிட்டால் அந்த விவரம் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. அங்கே வந்து சேர்ந்த தெருநாய்களில் நூற்றுக்கு 22 தான் உரியவரிடம் திரும்பின. சிப் உள்ளவற்றில் 52 திரும்பின. மீதி ஏன் திரும்பவில்லை? முக்கியமான காரணம், பதிவில் பழைய தொலைபேசி எண்.

ஆகவே இரண்டு விஷயம் மனதில் வையுங்கள். நாய் எங்கே இருக்கிறது என்று சிப் காட்டாது. கண்டெடுத்தவர் மருத்துவரிடம் கொண்டுபோனால்தான் பயன். வீடோ தொலைபேசி எண்ணோ மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும்.

நம் அரூர்ப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கோவிவனுக்குக் கல்லில் பெயர் கிடைத்தது. கருப்பனுக்கு ஓர் எண் இருந்திருந்தால், அன்று அவனை வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன்.