துரோகமும் இரண்டகமும்

தலைநகரில் வளரும் நம் பிள்ளைகள் ‘கத்தார்’ என்னும் சொல்லைத் தெருவிலும் திரைப்படத்திலும் கேட்டுப் பழகியவர்கள். அதற்குத் தமிழ் யாது என வினவினால், ‘துரோகி’ என்று விடை பகர்வோம். ஆயின் துரோகமும் வடசொல்லே. தீங்கு நினைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். அச்சொல் தமிழகத்தில் நடந்துவந்த வழியைச் சற்றே நோக்குவோம்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு ஒன்று உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியதென அறிஞர் கொள்வது அது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன் முதலியோரை அது ‘துரோகிகள்’ எனக் குறிக்கிறது. அவர்தம் உடைமைகளோடு உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட்டன. ஒருவன்மேல் விழுந்த சொல் அவன் குடும்பத்தையே சூழ்ந்தது. பிற்காலச் சோழர் நாளில், கோயிற் பொருளைக் கையாடியவர் ‘சிவத்துரோகி’ எனப்பட்டனர். ஆக, யாருக்குத் தீங்கு என்பதே இச்சொல்லின் அளவுகோலாயிற்று.

இவ்வளவுகோலின் குறை 1908-இல் வெளிப்பட்டது. 1870-இல் சட்டத்தில் சேர்ந்த 124-ஏ பிரிவின்படி, திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ. சிதம்பரனாரை இராசத்துரோகி எனத் தண்டித்தது. ஆள்வோருக்குத் துரோகியாகத் தோன்றியவர் மக்களுக்குத் தேசபக்தர். செயல் ஒன்றே, சொல்பவரே வேறு! 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் நீங்கிப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. இராசத்துரோகப் பிரிவும் அதனோடு நீங்கியது. நாட்டின் இறையாண்மைக்கு ஊறு விளைத்தல் 152-ஆம் பிரிவில் குற்றமாக இடம்பெற்றது.

நம் பாட்டியரோ வேறொரு சொல் வழங்கினர்: ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே.’ இரண்டகம் என்பது இரண்டுபட்ட மனம். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒழுகுதல். இஃது ஆள்பவர் யார் என வினவுவதில்லை. செய்பவன் நெஞ்சையே வினவுகிறது. வள்ளுவரும் கூடாநட்பு, உட்பகை என இரு அதிகாரங்கள் வகுத்து அகத்தின் பொய்ம்மையையே கண்டித்தார். இவ்வளவுகோலால் அளந்தால், எண்ணியதை மேடையில் வெளிப்படையாக முழங்கிய சிதம்பரனாரிடம் இரண்டகம் இல்லை.

பிழைப்புக்காகப் பிற மாநிலம் புகுந்த நமக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. உண்ணும் மண்ணையும் பிறந்த மண்ணையும் ஒருசேர நேசிப்பது இரண்டகம் அன்று; அன்பை மறைத்து நடிப்பதே இரண்டகம். துரோகி என்று ஒருவரைச் சுட்டுமுன், அவர் நெஞ்சில் இரண்டு உண்டா என்று ஆராய்வோமாக!