ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லை

எங்கள் பெரும்பாக்கத்தில் டாஸ்மாக் கடைக்கு மக்கள் சொல்லும் பெயர் 'ஒயின் ஷாப்'. அங்கே விற்பதோ பெரும்பாலும் பிராந்தியும் ரம்மும் பீரும்தான். இதே ஊரின் அடுக்குமாடி வீடுகளில் ஒயின் என்றால் பொருள் வேறு: "அதெல்லாம் குடி இல்லப்பா, லேடீஸ் டிரிங்க்." நகரத்து ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களின் குடியிருப்பில் வசையாக ஒலிக்கும் சொல், பக்கத்து அடுக்குமாடியில் நாகரிகமாகிவிடுகிறது. வேறுபாடு பானத்தில் இருக்கிறதா, குடிப்பவரில் இருக்கிறதா?

இந்தக் கேள்வி பழையது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, மன்னன் நாள்தோறும் மகிழ்ந்திருக்க வேண்டுமாம். அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த ஆம்போரா சாடிகள் அந்தக் கடல் வணிகத்துக்குச் சான்று. கப்பலில் வந்த மது அரசனுக்கு, கலம் ஏந்தும் வேலை பெண்ணுக்கு. ஆனால் அதே தொகுப்பின் 235ஆம் பாடலில் ஔவையார், அதியமானோடு கள் பகிர்ந்துகொண்ட நாட்களைக் கூச்சமில்லாமல் நினைவுகூர்கிறார். கள்ளுண்டதால் அவருடைய புலமையை யாரும் குறைத்துப் பேசவில்லை.

நவீன காலத்தில் மது பெண்களுக்குப் போராட்டக் களமானது. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தினார்கள். 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பிறகு விலக்கு தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது. சட்டத்தின் ஏற்றத்தாழ்வைக் கவனியுங்கள். தேவாலயத் திருப்பலிக்கான ஒயினுக்கு 1984இல் தனி விதிகள், ஒயின் தயாரிப்புக்கு 2006இல் தனி விதிகள். பனையேறி இறக்கும் கள்ளுக்கு 1987 முதல் தடை. இத்தனைக்கும் கள்ளில் ஒயினைவிடக் குறைவான ஆல்கஹால்தான் உண்டு.

2022 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க அனுமதிக்க முடிவெடுத்தபோது, "ஒயின் மது அல்ல" என்றே அதன் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். உடலுக்கு இந்த வாதம் புரியாது. 150 மில்லி ஒயின், 350 மில்லி பீர், 45 மில்லி பிராந்தி மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு எத்தனால்தான். அது மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. பெண்ணுடலில் நீர்ச்சத்து குறைவு என்பதால் அதே அளவு மது நம் இரத்தத்தில் அதிகமாகச் செறிகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

குடிக்கும் பெண்ணை ஒழுக்கத்தின் பெயரால் தண்டிக்க இதை நான் எழுதவில்லை. அந்த வேலையைச் செய்யப் பலர் இருக்கிறார்கள். 'லேடீஸ் டிரிங்க்' என்று சொல்லி நம்மிடம் விற்பவர்கள் நம் உடலைப் பற்றிய உண்மையை மறைக்கிறார்கள் என்பதே என் கோபம். இன்னொன்றும் உண்டு. 2017இல் திருப்பூர் அருகே சாமளாபுரத்தில் மதுக்கடையை எதிர்த்து நின்ற பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது. குடிசைக்காரன் குடித்து அடித்தால் தெருவுக்கே தெரிகிறது. ஒயின் கோப்பை வைத்த வீட்டில் விழும் அடி கதவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பானத்தைத் தரம் பிரித்தவர்கள் அந்த இரண்டு பெண்களையும் சேர்த்தே பிரித்துவைத்தார்கள்.