முகச் சுருக்க ஊசிக்கு ஒரு நீண்ட வரலாறு



முகச் சுருக்கத்துக்கும் ஒட்டிப்போன கன்னத்துக்கும் போடும் ‘ஃபில்லர்’ ஊசி பற்றி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். போடலாமா, கூடாதா என்று சொல்ல நான் மருத்துவன் அல்ல. அதன் வரலாற்றைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

இந்த ஆசை 100 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1899-இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர் பாரஃபினை ஊசி மூலம் உடலுக்குள் செலுத்தினார். சில ஆண்டுகளிலேயே அது முக அழகுக்கும் பயன்பட ஆரம்பித்தது. ஆனால் உள்ளே போன மெழுகு இடம் நகர்ந்தது. கட்டி கட்டியாக இறுகியது. பின்னாளில் இங்கிலாந்தின் மார்ல்பரோ பிரபுவை மணந்த கிளாடிஸ் டீகன், அந்தக் காலத்தில் பேரழகி என்று பெயர் வாங்கியவர். இருபதுகளின் தொடக்கத்தில் மூக்கை நேராக்க மெழுகு ஏற்றிக்கொண்டார். அது முகவாய் வரை இறங்கி முகத்தையே கெடுத்துவிட்டது. அதை வெளியே எடுக்க வழியில்லை. பிறகு வந்த திரவ சிலிகானும் பலருக்கு இதே துன்பத்தைத்தான் தந்தது.

ஹயலூரானிக் அமிலத்தின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1934-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அழகு பற்றி அவர்கள் நினைக்கவே இல்லை. பிறகு ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஸ் சேவல் கொண்டையிலிருந்து இதைத் தூய்மையாக எடுத்தார். அது கண்புரை அறுவையில் பெரிதும் உதவியது.

நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள் இது. தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அப்படியே ஊசியில் போட்டால், நம் உடலில் உள்ள ஹயலூரானிடேஸ் என்ற நொதி சில நாளில் கரைத்துவிடும். அதனால் அதன் நீண்ட இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைத்து வலைபோல ஆக்கினார்கள். ஸ்வீடனின் கியூ-மெட் நிறுவனம் இப்படிச் செய்த ‘ரெஸ்டிலேன்’ 1996-இல் ஐரோப்பாவிலும், 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இது பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. பல மாதங்கள் நிற்கும். பிடிக்காவிட்டால் அதே நொதியை ஊசியாகப் போட்டுக் கரைக்கலாம். கிளாடிஸுக்குக் கிடைக்காத வழி இதுதான்.

ஆனாலும் ஒன்றை மறக்காதீர்கள். ஊசி தவறிப்போய் ரத்தக் குழாயில் இறங்கினால் ரத்த ஓட்டம் அடைபடும். அந்த இடத்துத் தோல் அழுகலாம். கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டால் பார்வையே போகலாம். இது அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கல்யாணத் தேதி நெருங்குகிறது, சலுகை விலையில் போடுகிறார்கள் என்று பியூட்டி பார்லரில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஊசி போடுபவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா? மருந்துப் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா? கரைக்கும் மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா? இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சுருக்கத்தோடேயே இருக்கிறேன் என்பவர்களுக்கும் என் ஆசி உண்டு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்