உப்பளமும் ஊர்ப்பொதுவும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்பது நம் முன்னோர் கொள்கை. அவ்வுப்பை விளைவித்தோரை நாம் நினைத்ததுண்டா?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பழைய நெய்தல் நிலத்து ஊராகும். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இதுவேயென்பர் ஆராய்ச்சியாளர். பண்டு உமணர் உப்பை வண்டிகளிலேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். கடற்கரையாரும் உழவரும் ஒருவரையொருவர் தாங்கிய முறை அது.

1805ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் சென்னை இராஜதானியில் உப்பைத் தமது ஏகபோகமாக்கிக்கொண்டனர். அதன்பின் தன் ஊர்க்கழியில் தானே பூத்த உப்பை அள்ளிய ஏழையும் குற்றவாளியானான். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்திற்குத் தொண்டர்களை நடத்திச் சென்றது இக்கொடுமையை எதிர்த்தேயாம். மறு ஆண்டு காந்தி-இர்வின் உடன்படிக்கையால், உப்பு விளையும் ஊரார் தம் உபயோகத்திற்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் அதனை எடுக்கும் உரிமை பெற்றனர். 1947 ஏப்ரலில் உப்புவரியும் ஒழிந்தது.

வரி ஒழிந்தது, அளத்தொழிலாளியின் வறுமை ஒழிந்ததோ? வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வேலையில்லை, வேலையில்லையேல் கூலியுமில்லை. கோடையில் வெண்மையான உப்பின் ஒளியில் கண்கூசி, கால்புண்பட்டுத் தேடிய பொருள் மழைக்காலத்துக் கடனுக்கே போய்விடுகின்றது.

இதற்குப் பரிகாரம் நம் கடற்கரையிலேயே உண்டு. சோழமண்டலக் கரையின் மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் தலைக்கட்டு வரி வாங்கிப் பொதுக்காரியங்களை நடத்தி வருகின்றனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தபொழுது, பல ஊர்களில் வந்த உதவிப்பொருளைக் குடும்பந்தோறும் சமமாகப் பங்கிட்டவர் அவரே. ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. சில இடங்களில் கைம்பெண்டிரும், அவ்வூர்களையடுத்து வாழ்ந்த பிற வகுப்புக் கூலியாட்களும் அப்பங்கிற்குப் புறம்பாயினர். ஊர்ப்பொது என்பது ஒரு குலத்தின் வேலியோடு நின்றதன் விளைவு அது.

அளத்தின் இயல்பு வேறு. ஒரு கழிநீரே எல்லாப் பாத்திகளுக்கும் பாய்கின்றது. ஒருவர் வரப்பு உடையின் அடுத்தவர் உப்பும் கரையும். அங்கே வரப்பைக் காப்பது எல்லார்க்கும் கடமையாதல் போல, அளத்திலுழைக்கும் குடும்பங்களை மழைக்காலத்திற் காப்பதும் ஊரெல்லாம் ஏற்கவேண்டிய கடமையாம். விளைச்சற் காலத்தில் மூட்டைக்குச் சிறுதொகை ஒதுக்கிப் பொதுநிதி சேர்ப்பின், மாரியில் அடுப்பு அவியாது. நம் போன்ற சங்கங்கள் முன்னின்று இதனைத் தொடங்குக. உதவி கொடுக்குமிடத்து, கை நீட்டுபவர் எக்குலத்தாரென வினவாதொழிக.